தேஜஸ்: முப்பத்து மூன்று ஆண்டுகளின் விளைச்சல்



கோவையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சூலூரைக் கடந்து சென்றிருப்பீர்களாயின், தலைக்கு மேலே வானத்தைக் கிழிப்பது போன்ற பேரோசை ஒன்றைச் சில வேளைகளில் கேட்டிருக்கக் கூடும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் முக்கோண இறக்கை கொண்ட ஒரு சிறிய விமானம் மேகத்துள் மறைந்திருக்கும். நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டுக் கட்டப்பட்ட ‘தேஜஸ்’ என்னும் போர் விமானம் அதுவாக இருந்திருக்கலாம். அதன் வரலாற்றையே இம்மாதம் தங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். போர்க் கருவியைப் புகழ்ந்து பாடுவது நம் நோக்கமன்று. ஒரு நாடு தன் கையால் ஒரு பொருளைச் செய்யக் கற்றுக்கொள்வது எத்துணைக் கடினம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அதனாலேயே அது நம் இல்லங்களில் பேசப்பட வேண்டியதாகிறது.

தேஜஸ் ஒரு பல்பணிப் போர் விமானம். முற்காலத்தில் எதிரி விமானத்தைத் துரத்துவதற்கு ஒன்று, தரையில் குண்டு வீசுவதற்கு ஒன்று, வேவு பார்ப்பதற்கு மற்றொன்று என வெவ்வேறு விமானங்கள் தேவைப்பட்டன. இப்பணிகள் அனைத்தையும் ஒரே விமானம் செய்யுமாயின் செலவு குறையும்; பழுது பார்ப்பதும் பயிற்சி அளிப்பதும் எளிதாகும். சுமார் 13 மீட்டர் நீளமும் 8 மீட்டர் இறக்கை அகலமும் உடைய தேஜஸ், இவ்வகை விமானங்களுள் மிகச் சிறியவற்றில் ஒன்று. ஒலியை விட வேகமாகப் பறக்க வல்லது.

இத்தகைய விமானத்தின் தேவை எவ்வாறு எழுந்தது? 1963-இல் நம் விமானப்படையில் சேர்ந்த சோவியத் நாட்டு மிக்-21 விமானங்கள் பல்லாண்டுகள் அதன் முதுகெலும்பாக விளங்கின. ஆனால் அவை முதுமை எய்தின. 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை மிக் வகை விமானங்கள் 482 விபத்துக்குள்ளாயின என்றும், அவற்றில் 171 விமானிகளும் பொதுமக்கள் 39 பேரும் உயிரிழந்தனர் என்றும் 2012-இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அந்த 171 பேரும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளைகள் என்பதை நினைத்துப் பாருங்கள். மாற்று விமானம் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் பழைய விமானத்தில் இளைஞர்கள் பறக்க வேண்டியிருந்தது. எனவே தேஜஸின் தாமதத்தை வெறும் கணக்கேட்டுச் செய்தியாக நாம் கருத இயலாது.

போர் விமானம் கட்டும் முயற்சி நமக்குப் புதிதன்று. ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் என்பவரின் தலைமையில் பெங்களூரில் உருவான ‘மாருத்’ 1961 ஜூன் 17 அன்று வானில் எழுந்தது. அதன் உடலமைப்பு ஒலியை மிஞ்சும் வேகத்திற்கெனத் திட்டமிடப்பட்டது. ஆனால் அதற்கேற்ற ஆற்றலுடைய என்ஜின் நமக்குக் கிட்டவில்லை. அக்காலத்தில் எகிப்து நாடும் சொந்தமாக ஒரு ஜெட் என்ஜினை உருவாக்கி வந்தது. அந்த என்ஜினை மாருத் விமானத்தில் பொருத்தி எகிப்தில் பறக்கவிட்டுச் சோதனையும் செய்தார்கள். இரு நாடுகளும் கைகோத்த அம்முயற்சி 1969-இல் கைவிடப்பட்டது. மாருத் தன் வேகக் கனவு நிறைவேறாமலேயே பணியாற்றி ஓய்வு பெற்றது. அதற்கு அடுத்ததாக ஒரு விமானத்தை உடனே வடிவமைக்காததால், அனுபவம் பெற்ற வல்லுநர் குழுவும் கலைந்தது. கைத்தொழில் ஒரு தலைமுறை விடுபட்டால் அடுத்த தலைமுறை மீண்டும் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த அரிச்சுவடி 1983-இல் தொடங்கிற்று. இலகு ரகப் போர் விமானத் திட்டத்திற்கு மத்திய அரசு 560 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. மறு ஆண்டு பெங்களூரில் விமான மேம்பாட்டு முகமை நிறுவப்பட்டது. திட்ட இயக்குநராக டாக்டர் கோட்டா ஹரிநாராயணா அவர்கள் பொறுப்பேற்றார்கள். வல்லுநர்கள் எளிய பாதையைத் தேர்ந்தெடுக்கவில்லை. உடற்பகுதியில் பெரும்பங்கை உலோகத்திற்குப் பதிலாகக் கரியிழைக் கலவையால் செய்யத் துணிந்தார்கள். எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு இக்கலவையே.

அதனினும் கடினமானது விமானத்தை இயக்கும் முறை. உள்ளங்கையில் ஒரு கம்பைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு சிறுவர்கள் விளையாடுவதைக் கண்டிருப்பீர்கள். கை ஓயாமல் அசைந்து சரிசெய்துகொண்டே இருந்தால்தான் கம்பு நிற்கும். தேஜஸும் அவ்வாறே, தானாக நிலைகொள்ளாத வகையில் வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது. அதனால்தான் அது நினைத்த மாத்திரத்தில் திரும்புகிறது. ஓயாமல் சரிசெய்யும் அந்தக் கையின் வேலையைக் கணிப்பொறி செய்கிறது. ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும் பொருட்டு நான்கு தனித்தனி வழிகள் அமைக்கப்பட்டுள்ளன. அக்கட்டளைகளில் ஒரு பிழை நேர்ந்தாலும் விமானமும் இல்லை, விமானியும் இல்லை.

இக்காலத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் தலைமைப் பொறுப்பில் 1992 முதல் 1999 வரை இருந்தவர் இராமேசுவரம் தந்த பெருமகனார் மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்கள். இளமையில் விமானப்படையில் விமானியாகச் சேர விரும்பித் தேர்வுக்குச் சென்றார்கள். எட்டு இடங்களே இருந்தன, அவர்களுக்குக் கிட்டியதோ ஒன்பதாம் இடம். பறக்கும் வாய்ப்பை இழந்த அவர்களின் பொறுப்புக் காலத்திலேயே, 1995 நவம்பரில் இவ்விமானத்தின் முதல் மாதிரி கொட்டகையிலிருந்து வெளியே கொணரப்பட்டது. பின்னாளில் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006 ஜூன் 8 அன்று, தமது 74-ஆம் வயதில், புனே நகரில் சுகோய்-30 போர் விமானத்தில் ஏறிப் பறந்தார்கள் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

மாதிரி வெளிவந்துவிட்டது, ஆனால் பறக்க இன்னும் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1998 மே மாதம் பொக்ரானில் நிகழ்ந்த அணுச் சோதனையை அடுத்து அமெரிக்கா தடை விதித்தது. கட்டுப்பாட்டு முறையைச் சோதிப்பதற்காக அங்கே ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டிருந்த நம் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் மனம் தளரவில்லை. பெங்களூரில் மீண்டும் அமர்ந்து, எஞ்சிய பணியைத் தாமே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் அவர்கள் அதனை முதன்முதலாக வானில் செலுத்தி, 18 நிமிடங்கள் பறந்து, நலமே தரையிறங்கினார்கள். 2003-இல் பிரதமர் வாஜ்பாய் அவர்கள் அதற்குத் ‘தேஜஸ்’ எனப் பெயரிட்டார்கள். ஒளி, சுடர் என்பது அதன் பொருள்.

எனினும் ஒரு குறை தீரவில்லை. அது மாருத்தைப் பிடித்த அதே குறை: என்ஜின். 1989-இல் ‘காவேரி’ என்னும் பெயரில் சொந்த என்ஜின் திட்டம் தொடங்கப்பட்டது. ஜெட் என்ஜினின் உட்பகுதியில் பாயும் வாயு, அங்கே சுழலும் உலோகத் தகடுகளையே உருக்கவல்ல வெப்பமுடையது. அவ்வெப்பத்தில் உருகாமலும் வளையாமலும் நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல வேண்டுமானால், ஒவ்வொரு தகட்டையும் ஒரே படிகமாக வார்த்து, உள்ளே காற்றோடும் நுண்துளைகளை அமைக்க வேண்டும். இக்கலையை அறிந்த நாடுகள் மிகச் சில. அறிந்தவையும் பிறருக்கு எளிதில் கற்பிப்பதில்லை. காவேரி வேண்டிய உந்துவிசையைத் தரவில்லை, எடையும் மிகுந்தது. 2008-இல் அது தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. அமெரிக்க என்ஜினே பொருத்தப்பட்டது.

2016 ஜூலை 1 அன்று இரண்டே விமானங்களுடன் விமானப்படையின் 45-ஆம் அணி தேஜஸைப் பெற்றது. திட்டம் தொடங்கி முப்பத்து மூன்று ஆண்டுகள்! அவ்வணி 2018-இல் சூலூருக்கு வந்தது. 2020 மே மாதத்தில் இரண்டாவது தேஜஸ் அணியும் சூலூரிலேயே உருவாயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் கடற்படைக்கான மாதிரி, விக்ரமாதித்யா கப்பலின் தளத்தில் இறங்கிச் சாதனை புரிந்தது. 2021-இல் மேம்பட்ட வகையில் 83 விமானங்களுக்கும், 2025 செப்டம்பர் 25 அன்று மேலும் 97 விமானங்களுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இரண்டாம் ஒப்பந்தத்தின் மதிப்பு 62,370 கோடி ரூபாய். மறுநாளே, செப்டம்பர் 26 அன்று, சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ அறுபத்திரண்டு ஆண்டுகள் உழைத்த கிழப் பறவை அது.

ஆயினும் இடர்கள் நீங்கிவிடவில்லை. மேம்பட்ட வகைக்கென 2021-இல் 99 என்ஜின்கள் கேட்கப்பட்டன. முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. பிறர் தரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை! விபத்துகளும் நேர்ந்தன. 2024 மார்ச்சில் ஜெய்சால்மர் அருகே ஒரு தேஜஸ் வீழ்ந்தது. விமானி உயிர் பிழைத்தார். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் மற்றொன்று வீழ்ந்து, விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் அவர்கள் உயிர் நீத்தார்கள். அவரது உடல் முதலில் சூலூருக்கே கொண்டுவரப்பட்டது. அவ்வூர்க் கண்காட்சி, அன்று துயரக் களமாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? “முப்பத்து மூன்று ஆண்டுகளா!” எனச் சிலர் எள்ளி நகைப்பர். “அனைத்தும் நாமே செய்தோம்” எனச் சிலர் மார்தட்டுவர். இரண்டுமே முழு உண்மையல்ல. தாமதம் மெய்; அதற்கு விலையும் கொடுத்தோம். ஆனால் தடை விதிக்கப்பட்ட நாளில் கற்ற கட்டுப்பாட்டுக் கலையும் கரியிழைக் கலையும் இனி எவராலும் பறிக்க இயலாத செல்வங்கள். விலைக்கு வாங்கிய பொருளை விற்றவர் நிறுத்திவிடலாம். கற்ற கல்வியை நிறுத்த இயலாது. கல்லாமல் விட்ட இடமோ, அறுபதாண்டுகளுக்குப் பின்னும் பள்ளமாகவே கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் பெயர் என்ஜின்.

பெற்றோர்களே! பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை எப்படிப்பில் சேர்ப்பது என்று ஆண்டுதோறும் ஆலோசிக்கிறீர்கள். அனைவரும் சேரும் பிரிவிலேயே இடம் தேடி அலைகிறோம். உலோகவியல், பொருளறிவியல், வெப்ப இயக்கவியல் போன்ற துறைகளின் பெயரைக்கூட நம் வீடுகளில் கேட்பது அரிது. நாட்டிற்கு எதில் ஆள் பற்றாக்குறையோ, அதில் தேர்ந்தவனுக்கும் தேர்ந்தவளுக்கும் மதிப்பு மிகும். ஒன்பதாம் இடம் பெற்றுத் திரும்பிய இராமேசுவரத்து இளைஞர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உருகாத அந்தத் தகட்டை வார்க்கப்போகும் கை எந்த வீட்டில் வளர்கிறது என்பதை யார் அறிவார்? தங்கள் வீட்டிலாகவும் இருக்கலாம்.