மீனைக் காக்கும் சட்டம் ஓடையைக் காக்குமா?

கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடவிலே, வயல்களுக்கும் றப்பர்த் தோட்டங்களுக்கும் இடையே ஒரு சிற்றோடை ஓடுகின்றது. சிங்கள மக்கள் 'பந்துல பெத்தியா' என வழங்கும் செந்நிறச் சிறு கெண்டை இயற்கையாக வாழ்வதாக அறியப்பட்ட இடம் உலகிலே அவ்வோடை ஒன்றே. ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளமுள்ள இம்மீனை, மோரிஸ் கொற்றலாற், றொஹான் பெத்தியாகொட ஆகிய ஆய்வாளர் இருவர் 1991இல் புதிய இனமென விவரித்தனர். இன்று அது அழிவின் விளிம்பிலே நிற்கின்றது.

சட்டம் இல்லாமலில்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திலே, பாதுகாக்கப்பட்ட மீன்களுக்கென ஓர் அட்டவணை பின்னர் சேர்க்கப்பட்டது. இம்மீனும் அதில் இடம்பெற்றுள்ளது. அலங்கார மீன் வியாபாரத்துக்காக அதனைப் பிடிப்போரைத் தண்டிக்கலாம். நன்று! ஆயினும், வயலிலே தெளித்த கிருமிநாசினி மழைநீரோடு வடிந்து ஓடையிற் கலந்தால், எவருடைய மருந்து எந்த மீனைக் கொன்றதென்று எந்த நீதிமன்றிலே நிறுவுவது? கரையிலுள்ள மரஞ்செடிகள் வெட்டப்பட்டு, மண் சரிந்து, ஓடை சேறாகுமாயின் யாரைக் கூண்டில் ஏற்றுவது?

கமக்காரர்மீது பழி சுமத்துவோர் உளர். அதனை நாம் ஏற்கோம். பூச்சிக்கும் கடனுக்கும் இடையிலே பயிர் செய்பவர் அவர். அவரை வெளியேற்றி வேலியிடுவது நீதியன்று. ஊராரைப் பகைத்து எந்த ஓடையையும் காக்கவும் இயலாது.

ஆகவே நாம் கேட்பது இதுவே: ஓடையின் இரு கரையிலும் ஒரு துண்டு நிலத்தை மரஞ்செடி வளர விட்டு, அதனருகே மருந்து தெளியாதிருக்கும் கமக்காரருக்கு, அரசு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்து, ஆண்டுதோறும் நட்ட ஈடு வழங்கவேண்டும். பொதுநன்மைக்காக ஒருவர் இழப்பதைப் பொதுப்பணமே ஈடுசெய்தல் முறை.

உணவுக்கும் உதவாத மீனுக்குப் பணமா எனக் கேட்பர் சிலர். மீன் வாழ முடியாத நீரிலேதான் கமக்காரரின் பிள்ளைகளும் குளிக்கின்றனர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயல் செய்யும் நம்மவர் கேகாலை தொலைவிலுள்ளதென வாளாவிருத்தலாகாது. நமது வாய்க்கால்களிலும் அதே மருந்துதான் வடிகின்றது. அழிந்த இனத்தை எந்தப் பாராளுமன்றமும் வாக்கெடுத்து மீட்கமுடியாது. ஓடை உயிரோடிருக்கும்போதே அரசு செயற்படுக!