தோள்பட்டை முடிச்சுக்கு ‘கப்பிங்’... கம்மலை அடகு வைக்கலாமா?

நீங்கள் கேட்டவை

*“மத்திகிரி பக்கத்தில் ஒரு பசுமைக்குடிலில் 12 வருஷமாக ரோஜா பறிக்கிறேன். இரண்டு வருஷமாக வலது தோள்பட்டையில் முடிச்சு விழுந்ததுபோல வலி. அந்த இடத்தை அழுத்தினால் கழுத்து வழியாகப் பொட்டு வரைக்கும் ஏறுகிறது. எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ‘கப்பிங் வைத்தால் கெட்ட ரத்தம் வெளியேறி வலி போய்விடும். ஒரு தடவைக்கு 800 ரூபாய், 10 தடவை வர வேண்டும்’ என்கிறார்கள் ஒரு நிலையத்தில். கம்மலை அடகு வைத்துச் செய்துகொள்ளலாமா?”*

– வாசகி, மத்திகிரி.

கம்மல் காதிலேயே இருக்கட்டும். அடகு வைத்துச் செய்யும் அளவுக்கு இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இல்லை. அதே நேரத்தில், எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. எக்ஸ்ரே எலும்பைத்தான் தெளிவாகக் காட்டும். இந்த வலி இருப்பது சதையில்.

ஆட்டுக்கறி வெட்டும்போது சதையின்மேல் மெல்லிய வெள்ளை ஜவ்வு ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கலாம். மனித உடம்பிலும் ஒவ்வொரு தசையையும் இப்படி ஒரு ஜவ்வு மூடியிருக்கிறது. ஒரே தசையை நாள் முழுக்க ஒரே மாதிரி இறுக்கி வைத்திருந்தால், அதில் ஒரு பகுதி தளராமல் கயிறுபோல இறுகிக்கொள்கிறது. அதற்குள் அழுத்தினால் ‘சுரீர்’ என்று வலிக்கும் புள்ளி ஒன்று இருக்கும். வலி அந்த இடத்தோடு நிற்காமல் வேறு இடத்துக்கும் ஓடும். தோள்பட்டையின் மேல்தசையில் புள்ளி இருந்தால், கழுத்திலும் நெற்றிப் பொட்டிலும் வலிக்கும். ‘மயோஃபேசியல் வலி’ என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

எந்தப் புள்ளி எங்கே வலியை அனுப்பும் என்று உடம்பு முழுக்கப் படம் போட்டுக் காட்டியவர், அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல். ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, 1961-ல் வெள்ளை மாளிகையின் மருத்துவரானவர். டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் எழுதிய கையேடு 1983-ல் வெளியானது. இன்றும் பிசியோதெரபிஸ்ட்டுகள் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால், இந்த முடிச்சைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். ஒருவர் ‘இங்கே இருக்கிறது’ என்று சொன்ன இடத்தை இன்னொருவர் ‘இல்லை’ என்று சொல்வதும் உண்டு.

குப்பி என்ன செய்கிறது?

கப்பிங்கில் குப்பிக்குள் இருக்கும் காற்றை எடுத்துவிடுவதால், தோலும் அதன் அடியில் உள்ள சதையும் மேலே இழுக்கப்படுகின்றன. பழைய முறைதான். யுனானியில் ‘ஹிஜாமா’ என்பார்கள். சித்த மருத்துவத்தின் 32 வகைப் புற மருத்துவத்திலும் உறிஞ்சல், குருதி வாங்கல் இரண்டும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமாகத் தடம் தெரிந்த பிறகு, உலகம் முழுக்கப் பிரபலமாகிவிட்டது.

அந்தக் கருஞ்சிவப்புத் தடம், தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைவதால் வருவது. அடிபட்டால் கன்றிப்போவதைப் போலத்தான். அதைக் காட்டி ‘கெட்ட ரத்தம்’ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

வலி குறையுமா? கழுத்து வலிக்குக் கப்பிங் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், எதுவுமே செய்யாதவர்களைவிடச் செய்துகொண்டவர்களுக்குச் சில நாள்கள் வலி குறைந்திருக்கிறது. ஆனால், பெரும்பாலானவை சிறிய, அவ்வளவு உறுதியில்லாத ஆய்வுகள். பிரேசிலில் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வு கவனிக்க வேண்டியது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 90 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, வாரம் ஒருமுறை என 8 வாரங்கள் குப்பி வைத்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான குப்பி. இன்னொரு குழுவுக்கு வைத்த குப்பியில் சிறு துளை இருந்ததால், சில விநாடிகளிலேயே காற்று புகுந்து இழுவிசை போய்விடும். கடைசியில் இரண்டு குழுவுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். இது இடுப்புக்குச் செய்த ஆய்வு என்றாலும், 8,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்பு யோசிக்க வைக்கிறது.

தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் முறையில் கூடுதல் கவனம் தேவை. பிளேடு சுத்தமாக இல்லாவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி, ஹெச்.ஐ.வி தொற்றும் அபாயம் உண்டு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இருக்கிற ரத்தத்தையும் எடுத்துவிட்டு எப்படி வேலை செய்வது? கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. ஆசைப்பட்டுச் செய்துகொள்பவர்கள் பதிவுபெற்ற யுனானி அல்லது சித்த மருத்துவரிடம் மட்டும் போகலாம்.

செலவில்லாத வழி

டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள்வலி வரும் 198 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சியைச் சிலர் தினமும் 2 நிமிடமும், சிலர் 12 நிமிடமும் செய்தார்கள். 10 வாரங்களில் இரண்டு குழுவுக்குமே வலி குறைந்தது. 2 நிமிடமே போதுமானதாக இருந்தது. 2011-ல் வெளியான இந்த ஆய்வு அலுவலக வேலை செய்பவர்களிடம் நடந்தது. ஆனாலும், ஒரே தசை நாள் முழுக்க இறுகியிருப்பது பூ பறிப்பவர்களுக்கும் பொருந்தும்.

கடையில் பட்டை வாங்க வேண்டியதில்லை. வெடிப்பு இல்லாத பழைய சைக்கிள் ட்யூப்பை நீளமாக வெட்டிக்கொள்ளலாம். நடுப்பகுதியைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் கைகளில் பிடிக்க வேண்டும். முழங்கையை லேசாக மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம்வரை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். முதல் வாரம் 5 தடவை போதும். பிறகு, முடிந்த அளவு கூட்டிக்கொண்டே போகலாம். வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும்.

இரவில் துணியில் கல் உப்பைக் கட்டி, சட்டியில் சூடாக்கி 10 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். சூட்டை முதலில் புறங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலிக்குக் காரணமான வேலை முறையையும் மாற்ற வேண்டும். மழுங்கிய கட்டருக்கு அதிக அழுத்தம் தேவைப்படுவதால், அதை அடிக்கடி சாணை பிடிக்கச் சொல்லலாம். பூக்கட்டையும் வாளியையும் ஒரே கையில் சுமக்காமல் மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கைகளைத் தொங்கவிட்டு, தோளை ஐந்தாறு தடவை சுழற்றலாம். காதலர் தினத்துக்காக ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை நெருக்கும்போதுதான் இது மிகவும் அவசியம். பண்ணை வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தோள் போனால் அனுபவமுள்ள கையும் போய்விடும்.

*“ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கிரேட் ஏற்றுகிறேன். இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறதாம். ‘டீகம்ப்ரஷன்’ மெஷினில் படுத்தால் ஆபரேஷன் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?”*

– வாசகர், ராயக்கோட்டை.

‘டீகம்ப்ரஷன்’ என்ற ஒரே சொல்லை மூன்று விஷயங்களுக்குச் சொல்கிறார்கள். குப்பி வைப்பது ஒன்று. மெஷினில் படுக்க வைத்து முதுகை இழுப்பது இன்னொன்று. நரம்பை அழுத்தும் டிஸ்க்கை அறுவை சிகிச்சையில் அகற்றுவது மூன்றாவது. இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மெஷின் இழுவையைப் பொறுத்தவரை, 2013-ல் காக்ரேன் அமைப்பு 32 ஆய்வுகளை, அதாவது 2,762 பேரின் விவரங்களை அலசியது. இழுவையால் பலன் இல்லை, அல்லது மிகக் குறைவு என்பதே முடிவு. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் நாள்பட்ட இடுப்புவலிக்கு இழுவையும் இடுப்பு பெல்ட்டும் வேண்டாம் என்றே சொல்கிறது. உடற்பயிற்சியையும், நோயைப் பற்றிய விளக்கத்தையும் அது பரிந்துரைக்கிறது. டிஸ்க் விலகல் பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் தணிந்துவிடும். அப்படித் தணிந்ததை மெஷினின் கணக்கில் சேர்த்துவிடுவதும் உண்டு.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் அல்லது கையில் பலம் குறைவது, வலியோடு காய்ச்சல், எடை குறைவு. தோள்வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

மற்றவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, பிசியோதெரபிக்கு வழி கேட்கலாம். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிவைக்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் பெயரைப் பதிந்துகொள்வார். அதற்குக் கட்டணம் கிடையாது.