இரவல் பங்கும் கோட்டுச் சாத்திரமும்

‘சரியும் சந்தையிலும் சம்பாதிக்கலாம்’ என்ற வாசகத்துடன் தமிழில் பங்குச்சந்தை வகுப்பு நடத்துவோரின் தொகை பெருகிவிட்டது. சென்னையில் பேசுவது இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள கைத்தொலைபேசிகளில் அடுத்த கணமே ஒலிக்கும் காலம் இது. ஆகவே இந்த வியாபாரத்துக்கு எல்லை கிடையாது.

பாடம் மிகவும் எளிமையானது. ஒரு பங்கின் விலைப்படத்தில் நடுவே உயர்ந்த சிகரமொன்றும் அதன் இருபுறமும் தாழ்ந்த சிகரங்கள் இரண்டும் தென்பட்டால் அதற்குப் பெயர் ‘தலையும் தோள்களும்’. அவற்றின் அடிகளை இணைக்கும் ‘கழுத்துக்கோட்டை’ விலை கீழ்நோக்கிக் கடந்ததும் விற்றுவிட வேண்டும். கையில் பங்கு இல்லையா? கவலை வேண்டாம், இரவல் வாங்கி விற்கலாம். இதைத்தான் ‘ஷோர்ட் செலிங்’ என்கிறார்கள்.

இது கல்வியல்ல, சாத்திரம். ஊர்ச் சாத்திரியாரிடம் போனால் தட்சணையோடு விஷயம் முடிந்துவிடும். இந்தச் சாத்திரத்துக்கோ வீட்டையும் ஈடுவைக்க நேரிடலாம்.

இரவல் விற்பனையின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்வோம். அயல்வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கி, பவுண் விலை இறங்குமென நம்பி விற்றுவிடுகிறீர்கள். விலை இறங்கினால் மலிவாக இன்னொன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். விலை ஏறினால்? என்ன விலைக்காயினும் வாங்கிக் கொடுத்தேயாக வேண்டும். உரியவர் நாளையே திருப்பிக் கேட்கவும்கூடும். பங்குச்சந்தையிலும் நிலைமை இதுவே. அதற்குமேல் இரவலுக்குக் கட்டணம் உண்டு. இடையில் கம்பனி பங்கிலாபம் அறிவித்தால் அதையும் இரவல் வாங்கியவரே செலுத்த வேண்டும். 100 ரூபாவுக்கு விற்ற பங்கில் அதிகபட்ச இலாபம் 100 ரூபா. நட்டத்துக்கோ உச்சவரம்பு இல்லை.

இத்தகைய ஆபத்தில் இறங்குபவருக்குக் கையிலுள்ள ஆதாரம் வலுவானதாக இருக்கவேண்டாமா? 1959ஆம் ஆண்டிலேயே சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹரி ரொபர்ட்ஸ், எழுந்தமான எண்களைக் கொண்டு கற்பனையான விலைப்படமொன்றை வரைந்து காட்டினார். பங்குச் சுட்டியின் உண்மையான படத்தைப் போலவே அதிலும் ‘தலையும் தோள்களும்’ தோன்றின. எண்களுக்குப் பின்னால் கம்பனியும் இல்லை, விற்பவரும் வாங்குபவரும் இல்லை. ஆயினும் தலை முளைத்தது. 1998இல் நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியின் ஆய்வாளர் கரொல் ஒஸ்லர், அமெரிக்கப் பங்குகளில் இதே உருவத்தை ஆராய்ந்தார். அந்த உருவம் தோன்றும்போது வியாபாரம் சூடுபிடிக்கிறது, ஆனால் அதை நம்பி வியாபாரம் செய்தவருக்கு இலாபம் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. வியாபாரம் சூடுபிடித்தால் தரகருக்குக் கழிவு கிடைக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மறுதரப்பையும் மறைக்கலாகாது. 2000ஆம் ஆண்டில் அன்ட்ரூ லோவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, சில உருவங்களில் ஓரளவு தகவல் பொதிந்திருக்கலாம் என்றது. ஆனால் தகவல் இருப்பது வேறு, செலவெல்லாம் போக இலாபம் கிடைப்பது வேறு. வகுப்பு நடத்துவோர் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

‘நட்டத்தைத் தடுக்க ஸ்டொப் லொஸ் இருக்கிறதே’ என்பது அவர்களின் அடுத்த வாதம். குறித்த விலையை எட்டியதும் கணக்கைத் தானாக மூடிவிடும் கட்டளை அது. 2008 ஒக்டோபரில் ஜேர்மனியில் நடந்ததை இவர்கள் அறியார்கள் போலும். வொக்ஸ்வாகன் பங்கு விழுமென்று பலர் இரவல் விற்பனை செய்திருந்தனர். ஒக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, போர்ஷே நிறுவனம் தன்னிடம் 42.6 வீதப் பங்குகளும் மேலும் 31.5 வீதத்துக்கான ஒப்பந்தங்களும் இருப்பதாக அறிவித்தது. ஏறத்தாழ 20 வீதம் லோவர் சக்சனி மாநில அரசிடம் இருந்தது. சந்தையில் எஞ்சியது சுமார் 6 வீதம். திருப்பிக் கொடுக்கவேண்டிய இரவலோ 10 வீதத்துக்கும் அதிகம். வெள்ளியன்று சுமார் 210 யூரோவாக இருந்த விலை திங்களன்று 520இல் முடிந்தது, செவ்வாயன்று 1,000 யூரோவைத் தாண்டியது. சந்தை மூடியிருந்த ஞாயிறன்று எந்தக் கட்டளை யாரைக் காப்பாற்றியிருக்கும்? எந்தக் கழுத்துக்கோடு போர்ஷேயின் பெட்டகத்தைத் திறந்து காட்டியிருக்கும்?

2021 ஜனவரியில் அமெரிக்காவின் கேம்ஸ்டொப் பங்கும் இதே பாடத்தைப் புகட்டியது. ஆண்டு தொடங்கியபோது 20 டொலருக்கும் குறைவாக இருந்த பங்கு 28ஆம் திகதி 483 டொலரைத் தொட்டது. 20 டொலருக்கு 100 பங்குகளை இரவல் விற்றவர் பெற்றது 2,000 டொலர். அந்த உச்சத்தில் மீள வாங்க அவருக்கு 48,300 டொலர் தேவைப்பட்டிருக்கும். மெல்வின் கப்பிட்டல் என்ற பெருநிதியம் அந்த ஒரு மாதத்தில் 53 வீதத்தை இழந்து, 2022இல் மூடப்பட்டது. தேர்ந்தவர்களைக் கொண்ட நிறுவனத்துக்கே அந்தக் கதியென்றால் வார இறுதி வகுப்பில் கற்றவரின் கதி என்ன?

இரவல் விற்பனையே பாவம் என்று நான் வாதிடவில்லை. 2008 செப்டெம்பரில் அமெரிக்கா ஏறத்தாழ 800 நிதி நிறுவனப் பங்குகளில் அதைத் தடைசெய்தது. வீழ்ச்சி நிற்கவில்லை. என்ரோன் மோசடியை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் இரவல் விற்பனையாளரான ஜிம் சேனோஸ். அவர் கோடு கீறவில்லை. கம்பனியின் ஆண்டறிக்கைகளை வரிவரியாக வாசித்தார். முதலுக்குக் கிடைத்த வருவாய் மிகக் குறைவாயிருந்ததையும், கம்பனி தன் அதிகாரியொருவரின் நிறுவனங்களோடு மர்மமான கொடுக்கல் வாங்கல் செய்ததையும் கண்டு, 2000 நவம்பரில் விற்கத் தொடங்கினார். 2001 டிசம்பர் 2ஆம் திகதி என்ரோன் வங்குரோத்தானது.

நம்மவர் அறிந்த கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினத்தின் கலியன் நிதியத்தை எடுத்துக்கொள்வோம். 2008இல் கோல்ட்மன் சாக்ஸ் பங்குகள் குறித்து அதற்குக் கிடைத்த தகவல், அந்த வங்கியின் பணிப்பாளரிடமிருந்து தொலைபேசிவழி வந்தது என்பதே அமெரிக்க நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்டது. 2011இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஒருவர் உழைத்துத் தேடினார், மற்றவர் களவாகப் பெற்றார். இருவரிடமும் இருந்தது கம்பனியைப் பற்றிய அறிவு. கோடு கீறுபவரிடம் இருப்பது எல்லோரும் பார்க்கும் பழைய விலை மட்டுமே.

விளைவை அதிகாரிகளே எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பங்கை வாங்காமலே விலை வேறுபாட்டின்மீது பந்தயம் கட்டும் ‘சி.எவ்.டி.’ ஒப்பந்தங்களில் 74 முதல் 89 வீதமான சிறு கணக்குகள் நட்டமடைவதாக 2018இல் ஐரோப்பிய அதிகாரசபை அறிவித்தது. இந்தியாவின் ‘செபி’ 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 வீதத்தினர் நட்டப்பட்டனர். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாவுக்கும் அதிகம். இந்த இரண்டும் சிறு முதலீட்டாளர் வீழ்ச்சியின்மீது பந்தயம் கட்டும் வழக்கமான வாசல்கள்.

வகுப்பு நடத்துபவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். உமது கோடுகள் இவ்வளவு துல்லியமானவை என்றால், எங்களிடம் கட்டணம் வாங்குவது ஏன்? உமது சொந்தக் கணக்கின் மூன்றாண்டு வரவு செலவைத் தணிக்கையாளரின் கையொப்பத்துடன் மேசையில் வையும். பிறகு தலையையும் தோளையும் பற்றிப் பேசலாம்.

அதுவரை, பனியிலும் இரவுப் பணியிலும் உழைத்துச் சேர்த்த பணத்தை இரவல் பங்கில் இறக்கவேண்டாம் என்பதே நம்மவர்க்கு நான் சொல்லக்கூடியது.