டிஸ்க்கே சொல்லும்!

செகண்ட் ஹேண்டில் பென்ஸ், பிஎம்டபிள்யூ வாங்கியவர்கள் பிரேக் எஸ்டிமேட்டைப் பார்த்ததும் சொல்வது, 'பேட் மட்டும் மாத்துங்க, டிஸ்க் இருக்கட்டும்!' இருக்கலாமா என்பதை டிஸ்க்கே சொல்லும். குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். அளக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றியே ஆகவேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு போனீர்களா? தேய்மான சென்சாரும் புதிது வேண்டும்.

முக்கியமான விஷயம், வண்டியை எடுக்கும்போதுதான். புது பேட் நுழைய பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். முதல் மிதியில் பெடல் தரைவரை போகலாம், பிரேக் பிடிக்காது. மெக்கானிக் மறந்திருப்பார். நின்ற இடத்திலேயே, பெடல் இறுகும்வரை மிதித்துவிட்டுக் கிளம்புங்கள். என் நண்பர் மிதிக்கவில்லை. அவரை நிறுத்தியது ஒர்க்‌ஷாப் கேட்!