மயோனைசுக்கு ஏன் தடை?

குட்டீஸ்... ஷவர்மாவோ, கிரில் சிக்கனோ வாங்கினால், கூடவே வெள்ளையாக, கொழகொழவென்று ஒன்று தருவார்களே... அதுதான் மயோனைஸ். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு, 2025 ஏப்ரல் 8 முதல், ஓராண்டுக்குத் தடை விதித்தது தமிழக அரசு. கேரளா 2023லும், தெலங்கானா 2024லும் இதே முடிவை எடுத்தன.

'சத்துணவிலேயே முட்டை தர்றாங்களே... அப்புறம் ஏன் தடை?' என்றுதானே கேட்கிறீர்கள்!

சத்துணவில் தருவது, வேக வைத்த முட்டை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கோழியின் குடலில், 'சால்மோனெல்லா' என்ற பாக்டீரியா இருப்பது உண்டு. இது, முட்டை ஓட்டில் ஒட்டிக் கொள்ளும். சில சமயம், முட்டைக்கு உள்ளேயும் இருக்கும். நன்றாக வேக வைத்தால் செத்துவிடும். ஆனால், மயோனைஸ் செய்ய அடுப்பே பற்ற வைப்பதில்லை. பச்சை முட்டையோடு எண்ணெயும், கொஞ்சம் வினிகரோ, எலுமிச்சைச் சாறோ விட்டு அடித்தால் தயார். புளிப்பு போதாவிட்டால், பாக்டீரியா தப்பித்துக் கொள்ளும்.

பிரிட்ஜில் வைத்தால், அதன் வளர்ச்சி மந்தமாகும். வெளியே வெதுவெதுப்பாக இருந்தால், கொண்டாட்டம்தான்! எல்லாம் தோதாக அமைந்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஒரு மணி நேரத்தில் 8. இரண்டு மணியில் 64. நான்கு மணியில் 4,096. ஏழு மணி நேரத்தில், 20 லட்சத்துக்கும் மேல்!

இவ்வளவு பெருகினாலும், நிறமோ, வாசனையோ, ருசியோ மாறாமல் இருக்கலாம். அதனால், மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட்ட 6 மணி நேரம் முதல், மூன்று நாளுக்குள் காய்ச்சல், வயிற்று வலி, வயிற்றுப்போக்கு வரும். பலருக்கு, சில நாளில் சரியாகிவிடும். சின்னக் குழந்தைகளுக்கும், தாத்தா - பாட்டிகளுக்கும் உடம்பில் நீர் வற்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

முட்டை சேர்க்காத மயோனைசுக்கு, இந்தத் தடை விதிக்கப்படவில்லை. அதற்காக, அதை நாள் முழுக்க வெளியே வைத்தால் நல்லதா? இல்லை. வீட்டில் மிஞ்சிய குழம்புக்கும் இதே கதைதான். அரசு, ஒரு பொருளைத்தான் தடுக்க முடியும். சூட்டையும், நேரத்தையும் கவனிக்க வேண்டியது நாம்தான்.

அடுத்த முறை கடைக்குப் போனால், 'அண்ணே... இது முட்டை போட்டதா? எப்போ செஞ்சது?' என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், சரியா!