போர் போட்டாச்சு... டெஸ்ட் பண்ணியாச்சா?



ஆண்டு மலர்னா கவிதையும் கடி ஜோக்கும்தானே, இவன் என்ன விஷத்தைப் பற்றி எழுத வந்துட்டான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம்ம தொழிலைப் பற்றிய விஷயம். நாளைக்கு டிப்ளமோவோடு வெளியே போகும் நம்மில் பலர் செய்யப்போகும் வேலை என்ன? போர் போடுவது, பைப் லைன் இழுப்பது, மோட்டார் மாட்டுவது, டேங்க் கட்டுவது. அதனால்தான் வங்கதேசத்தில் நடந்ததை நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

1970-களில் அந்நாட்டுக் கிராமங்களில் குளத்துத் தண்ணீரைக் குடித்துக் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் ஏராளமான குழந்தைகள் செத்தார்கள். யுனிசெஃப் அமைப்பும் அந்நாட்டு அரசும் சேர்ந்து ஊர் ஊராக அடிபம்பு போட்டார்கள். நல்ல எண்ணம்தான், நல்ல வேலைதான். பிறகு மக்களே சொந்தக் காசில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். கிருமி இல்லாத தண்ணீர் கிடைத்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அது நிஜமாகவே நடந்தது.

ஆர்சனிக் நமக்குப் புதுசு இல்லை. நம்ம சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது இதன் ஆக்சைடைத்தான். அங்கே அதை எந்தத் தொழிற்சாலையும் கொண்டுவந்து கொட்டவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில், இரும்பு ஆக்சைடோடு ஒட்டிக்கொண்டு அது சும்மா கிடந்தது. பூமிக்கடியில் காற்று இல்லாத இடத்தில், மக்கிய தாவரப் பொருள்களை உண்ணும் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்க, கூடவே ஆர்சனிக்கும் தண்ணீரில் கலந்துவிட்டது.

எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்து நோயாளிகளை 1983-லேயே கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா கண்டுபிடித்துச் சொன்னார். வங்கதேசக் கிணற்று நீரில் 1993-ல்தான் கண்டுபிடித்தார்கள். 1998-99-ல் நாடு முழுக்கச் சுமார் 3,500 கிணறுகளைச் சோதித்தபோது, 150 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ளவற்றில் 27 சதவீதத்தில் ஆர்சனிக் அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1993-ல் சொன்ன அளவு வெறும் 10 மைக்ரோகிராம். நம்ம கணக்கில் சொன்னால், 10,000 லிட்டர் டேங்கில் மொத்தமே 0.1 கிராம்! நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசி கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியானால் மிச்சத்தில் இன்னும் அடர்த்தியாகும்.

இப்போது சர்க்கரை நோய்க்கு வருகிறேன். பல வருஷம் ஆர்சனிக் தண்ணீர் குடித்தால் உடம்பில் புள்ளிகள் வரும், உள்ளங்கை காய்த்துப்போகும், தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும். இதில் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சுகரும் வருமா? தைவானின் தென்மேற்குக் கடலோரத்தில் ஆர்சனிக் கிணறுகளை நம்பியிருந்த மக்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்று 1994-ல் ஓர் ஆய்வு வந்தது. வங்கதேசத்திலும் 1998-ல் அதே மாதிரி ஒரு முடிவு. அமெரிக்காவில் 788 பேரின் சிறுநீரை வைத்து 2008-ல் ஒரு குழு, குறைந்த அளவிலும் தொடர்பு தெரிகிறது என்றது. அடுத்த வருஷமே இன்னொரு குழு அதே அமெரிக்கக் கணக்கெடுப்பின் விவரங்களை எடுத்து, மீன் போன்ற கடல் உணவிலிருந்து வரும் ஆர்சனிக்கைக் கழித்துப் பார்த்தால் தொடர்பு தெரியவில்லை என்றது!

2012-ல் வெளியான ஓர் அமெரிக்க அரசு ஆய்வுத் திட்டத்தின் அலசல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. லிட்டருக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் உள்ள இடங்களில் தொடர்புக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, அதற்குக் கீழே ஆதாரம் போதாது என்பது அதன் முடிவு. இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை ஆர்சனிக் பாதிக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் மனுஷ உடம்பில் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது ஒரு நண்பன், "அப்போ நிரூபணம் ஆகலைல? ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்டா" என்றான். இன்னொருத்தன், "எங்க ஊர்ல பாதிப் பேருக்குச் சுகர். எல்லாம் தண்ணிதான்!" என்றான். ரெண்டு பேர் சொன்னதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சுகருக்குப் பரம்பரை, சாப்பாடு, உடல் பருமன், உழைப்பில்லாமை என்று தெரிந்த காரணங்கள் எத்தனையோ உண்டு. சோதிக்காத தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவனை யார் காப்பாற்றுவது? அதே நேரம், சுகருக்கு நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. புற்றுநோய் ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டதே! அந்தக் குழாயை மூட அது ஒன்று போதாதா? சுகரும் உண்டு என்று நாளைக்கு உறுதியானால் பாதிக்கப்பட்டவர்களின் கணக்கு கூடும். இல்லை என்று ஆனாலும், குழாயை மூடியவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் 1992-ல் வங்கதேசக் கிணற்று நீரைச் சோதித்து ஓர் அறிக்கை தந்தது. எத்தனையோ தனிமங்களைப் பார்த்தவர்கள் ஆர்சனிக்கைப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் வழக்குப் போட்டார். அந்த நிறுவனத்துக்குச் சட்டப்படி அவரிடம் பொறுப்பு இல்லை என்று 2006-ல் பிரிட்டன் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சட்டம் அதோடு முடிந்தது. ஆனால் தண்ணீர் சோதிக்கப்போகும் நம்மை எந்தச் சோதனை விட்டுப்போயிற்று என்ற கேள்வி சும்மா விடக்கூடாது.

நம்ம ஊரில் பெரிய தொல்லை ஆர்சனிக் இல்லை, ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீர் குடித்துப் பல் கறைபட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது 2013-ல்தான். விஷத்தின் பெயர் வேறு, பாடம் ஒன்றுதான். தண்ணீர் பீறிட்டு அடித்ததும் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, வேலை முடிஞ்சுதுன்னு கிளம்பிவிடக் கூடாது. ரிப்போர்ட் கைக்கு வந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

இதற்குப் பெரிய படிப்பும் வேண்டாம். வங்கதேசத்தில் 2000 முதல் 2003 வரை சுமார் 50 லட்சம் அடிபம்புகளை ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள். துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்தால் ஆர்சனிக் வாயுவாக வெளியேறி, ஒரு காகிதத்தை மஞ்சளாக்கும். விஷம் இருந்த பம்புக்குச் சிவப்பு பெயின்ட், இல்லாததற்குப் பச்சை. சுமார் 14 லட்சம் பம்பு சிவப்பு! ஆனால் பெயின்ட் அடித்தால் மட்டும் போதாது, பக்கத்திலேயே நல்ல தண்ணீர் வேண்டும். அது கிடைக்காததால்தான் 2016-லும் அங்கே சுமார் 2 கோடிப் பேர் வரம்பு மீறிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நம்ம மாணவர் பேரவைக்கு ஒரு யோசனை. வரும் ஆண்டு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் பத்துப் பேர், அவரவர் ஊர் போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுப்போம். கட்டணத்தைப் பேரவை நிதியிலிருந்து கொடுக்கலாம். வரும் ரிப்போர்ட்டை ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லாரும் படிக்கிற மாதிரி ஒட்டுவோம். அடுத்த ஆண்டு மலரில் அந்த எண்களை ஒரு பக்கத்தில் அச்சடிப்போம்.

எத்தனை பேர் வர்றீங்க? பேர் கொடுங்க!

— மூன்றாமாண்டு சிவில் மாணவன்