ஏறத் தெரிந்தால் போதுமா?

1936-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாரத்தான் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. முன்னணியில் ஓடியவர் எல்லிசன் பிரௌன். நாரகான்செட் என்ற பழங்குடியைச் சேர்ந்த இளைஞர். அவரைத் துரத்தி வந்தவர் ஜான் கெல்லி. முந்தின ஆண்டு இதே பந்தயத்தில் முதல் பரிசு வாங்கியவர்.

நியூட்டன் என்ற இடத்து மேடுகளில் கெல்லி பிரௌனை எட்டிப் பிடித்துவிட்டார். பிடித்தவர் பேசாமல் போயிருக்கலாம். போகிற போக்கில் பிரௌனின் தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பிரௌனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாய்ந்தார். மறுபடி முன்னே போனார். பந்தயத்தையும் ஜெயித்தார். கெல்லிக்குக் கிடைத்தது ஐந்தாவது இடம்.

கெல்லியின் நெஞ்சு அந்த மேட்டில்தான் உடைந்தது என்று பாஸ்டன் பத்திரிகை நிருபர் ஜெரி நேசன் எழுதினார். அதிலிருந்து அந்த மேட்டுக்கு 'ஹார்ட்பிரேக் ஹில்' என்று பெயர். நெஞ்சை உடைக்கும் மேடு!

தொலைதூரம் ஓடுகிறவர்களிடையே இன்று உலகிலேயே பிரபலமான மேடு அதுதான். அதன் பெயரைக் கேட்டாலே சிலருக்குக் கால் நடுங்கும். அந்த மேட்டின் உயரம் எவ்வளவு தெரியுமா? 88 அடி! நீளம் சுமார் 600 மீட்டர். சென்னையில் உள்ள பரங்கிமலை இதைப்போல் மூன்று மடங்கு உயரம்.

இத்தனை சின்ன மேடு இத்தனை பேரின் நெஞ்சை எப்படி உடைக்கிறது?

உண்மையான குற்றவாளி

அந்த மேடு வரும்போது ஏற்கெனவே 32 கிலோமீட்டர் ஓடி முடித்திருப்பார்கள். உடம்பில் சேர்த்து வைத்த சக்தி தீர்ந்துபோகிற நேரம். அது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் அல்ல.

பந்தயம் தொடங்கும் ஹாப்கின்டன் என்ற ஊர் கடல் மட்டத்திலிருந்து 490 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நியூட்டனுக்கு வரும் வரையில், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரம், பாதை பெரும்பாலும் இறக்கம்தான். காலை நேரம், புதுக் கால், கூட்டத்தின் ஆரவாரம், சரிவான சாலை. கேட்க வேண்டுமா? எல்லோரும் காற்றாய்ப் பறக்கிறார்கள். "இன்று கால் என்ன லேசாக இருக்கிறது!" என்று சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு உரிய வட்டியை நியூட்டன் மேடு வசூல் செய்கிறது.

நெஞ்சை உடைத்தது ஏற்றம் என்று பெயர். தொடையை முன்பே உடைத்து வைத்தது இறக்கம்!

பொழுதுபோக்குக்காகவும் ஆரோக்கியத்துக்காகவும் ஓடுகிற சாதாரண மனிதர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். மலைப் பயிற்சி என்றால் மேலே ஏறும் பயிற்சி என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ளாததால்தான் பலர் கால் வலியோடு வீட்டில் உட்கார நேருகிறது.

தொடைக்குள் நடப்பது என்ன?

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. மேட்டில் ஏறும்போது மாடுகள் மூச்சு வாங்கும், நுரை தள்ளும். ஆனால் பாரம் ஏற்றிய வண்டி சரிவில் இறங்கும்போதுதான் வண்டிக்காரர் பயப்படுவார். பாரம் முழுவதும் மாடுகளின் மீது வந்து தள்ளும். ஓடுவதைவிட, ஓடாமல் நிறுத்துவதே அப்போது பெரிய வேலையாகிவிடும்.

மனிதனின் காலும் அப்படித்தான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. வேலை அதிகம். இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு இரைக்கிறது. ஆனால் பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி குறைவு.

இறங்கும்போது நேர் எதிரிடை. மூச்சு நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் உடம்பு முழுவதும் விழுகிறது. அதை நிறுத்திப் பிடிப்பது தொடையின் முன்புறத் தசை. அது பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அப்போது தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதங்கள் உண்டாகின்றன.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. இறங்கும்போது வலிக்காது. அன்று மாலையும் பெரிதாக வலிக்காது. ஓரிரண்டு நாட்கள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வரும். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறவரைப் பார்த்தால், இரண்டு நாளைக்கு முன் எந்த மலைக்குப் போய்வந்தீர்கள் என்று கேட்கலாம்.

ஏற்றம் நேருக்கு நேர் சண்டை போடுகிற எதிரி. இறக்கம் சிரித்துப் பேசிவிட்டுப் பின்னால் குத்துகிற எதிரி.

நேட்டால் சொல்லும் சாட்சி

இதற்குச் சாட்சி வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவுக்குப் போகலாம். நேட்டால் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1860-ம் ஆண்டிலிருந்து தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கிய பூமி அது. அங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில்தான் 1893-ம் ஆண்டு காந்திஜியை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அந்த ஊருக்கும் கடற்கரையில் உள்ள டர்பனுக்கும் இடையே ஆண்டுதோறும் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. 'காம்ரேட்ஸ் மாரத்தான்' என்று பெயர். ஆனால் தூரம் மாரத்தானைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஏறக்குறைய 90 கிலோமீட்டர்!

முதல் உலக யுத்தத்தில் மாண்ட தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் என்ற முன்னாள் சிப்பாய் 1921-ம் ஆண்டு இதைத் தொடங்கினார். முதல் ஆண்டு ஓடியவர்கள் 34 பேர். முடித்தவர்கள் 16 பேர். இன்று ஓடுகிறவர்கள் பல ஆயிரம் பேர். பெரும்பாலோர் வீரர்கள் அல்ல. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், தொழிலாளிகள், தாய்மார்கள். 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கெடு முடியும் நேரத்தில் ஓர் அதிகாரி, ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று துப்பாக்கியால் சுடுகிறார். முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும் அல்லவா?

இந்தப் பந்தயத்தில் ஒரு விசேஷம். வழக்கமாக ஓர் ஆண்டு டர்பனிலிருந்து மேலே ஏறுவார்கள். அடுத்த ஆண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கீழே இறங்குவார்கள். ஒரே சாலை, அதே மேடுகள், திசைதான் வேறு. இயற்கையே வைத்த பரீட்சை என்று சொல்லலாம்.

எது கஷ்டம்? இரண்டையும் ஓடிப் பார்த்தவர்களைக் கேட்டால், ஏறும் ஆண்டில் மூச்சு போகிறது, இறங்கும் ஆண்டில் கால் போகிறது என்பார்கள். இறங்கும் பந்தயத்தின் பின்பகுதியில் 'ஃபீல்ட்ஸ் ஹில்' என்ற சரிவு வருகிறது. சுமார் மூன்று கிலோமீட்டர் ஒரே இறக்கம். புதுக் காலுக்கு அது விளையாட்டு. அறுபது கிலோமீட்டர் ஓடிய காலுக்கு அதுவே தண்டனை. அங்கே பலர் நடக்கிறார்கள். நடப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை என்பதை நேட்டால்காரர்கள் நூறு ஆண்டுகளாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

செருப்புத் தொழிற்சாலைக்காரர்

அப்படியானால் மலையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? கூடாது.

மலைப் பயிற்சிக்கு உலகத்தில் மதிப்பு உண்டாக்கியவர்களில் முக்கியமானவர் நியூஜிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்து நகரில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தம் உடம்பையே சோதனைச்சாலையாக வைத்து ஓடி ஓடிப் பார்த்து, ஒரு முறையை வகுத்தார். அக்கம்பக்கத்து இளைஞர்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் வைட்டாகெரே மலைப் பாதையில் 35 கிலோமீட்டர் ஓடவிட்டார். 1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அந்த இளைஞர்களில் இருவர், பீட்டர் ஸ்னெல்லும் மரே ஹால்பெர்கும், ஒரே நாளில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார்கள். பாரி மாகி மாரத்தானில் வெண்கலம் வாங்கினார்.

லிடியார்டின் முறையை மேலெழுந்தவாரியாகப் படிக்கிறவர்கள், மேட்டில் துள்ளித் துள்ளி ஏறுவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னது அவ்வளவுதானா? ஏறு, உச்சியில் மெதுவாக ஓடி மூச்சை ஆற்றிக்கொள், பிறகு உடம்பைத் தளர்த்தி, நிதானம் தவறாமல் இறங்கு. அவர் வகுத்த சுற்றில் இறக்கமும் ஒரு பாடம். அதுமட்டும் அல்ல. பல வாரங்கள் நிதானமாக நெடுந்தூரம் ஓடிக் காலைப் பக்குவப்படுத்திய பிறகே அவர் ஒருவரை மேட்டுப் பயிற்சிக்கு விடுவார்.

அதே லிடியார்ட்தான் ஆக்லாந்தில் நடுத்தர வயதினரையும், இதய நோய் வந்து தேறியவர்களையும் மெல்லோட்டம் ஓட வைத்தார். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே போனபோது அவர்களோடு ஓடப் புறப்பட்டார். வயது ஐம்பதுதான். ஊருக்கெல்லாம் ஓட்டம் கற்பிக்கிறவர். ஆனால் மேட்டுப் பாதையில் திணறிப்போனார். அவருக்குத் துணையாகப் பின்தங்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தவர் எழுபதைக் கடந்த ஒரு கிழவர். மாரடைப்புகளைக் கண்டு பிழைத்தவர்! பவர்மன் ஊருக்குத் திரும்பியதும் செய்த காரியம், மெல்லோட்டத்தை அமெரிக்காவில் பரப்பியது.

அந்தக் கிழவருக்கு மேட்டை ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை. பேசிக்கொண்டு போகக்கூடிய வேகத்தில் போனார். பொழுதுபோக்குக்கு ஓடுகிறவர்கள் பார்த்துப் பின்பற்ற வேண்டியது ஸ்னெல்லை அல்ல, அந்தக் கிழவரை!

அடி எண்ணும் மோகம்

இன்று என்ன நடக்கிறது? தமிழ்நாட்டின் ஊர்களில் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இது நல்ல காரியம். சமவெளியில் ஆறு நாள் ஓடிவிட்டு, விடுமுறைக்கு ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகிறார்கள். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். கைக்கடிகாரம் இத்தனை அடி ஏறினாய் என்று கணக்குச் சொல்கிறது. அதை நண்பர்களுக்குக் காட்டுகிறார்கள். இத்தனை அடி இறங்கினேன் என்று பெருமை பேசியவர் யாராவது உண்டா?

ஏறிய களிப்பில் இறங்கும்போது தலைதெறிக்க ஓடுகிறார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். ஒரு வாரம் ஓய்வு என்பது ஒரு மாதமாகிறது. பிறகு ஓட்டமே நின்றுபோகிறது. வீரனுக்குப் பதக்கம் போனால் நஷ்டம். சாதாரண மனிதனுக்கு நஷ்டம் அதைவிடப் பெரியது. அவனுடைய ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி வைத்திருந்த ஒரு நல்ல பழக்கமே போய்விடுகிறது.

"அப்படியானால் ஓடி ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்கிவிடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. சில நாட்களுக்கு அது புத்திசாலித்தனமே. ஆனால் எப்போதும் அப்படியே செய்தால் கால் பழகாது. தொடைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒரு முறை அளவோடு இறங்கி லேசாக வலி கண்டுவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அதை அவ்வளவாக வருத்துவதில்லை. அம்மை குத்திக்கொள்வதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய அளவில் கொடுத்தால் மருந்து. மொத்தமாகக் கொடுத்தால் நோய்.

செய்ய வேண்டியது

வாரம் ஒரு நாள் மேடு போதும். மலைதான் வேண்டும் என்பதில்லை. ஏரிக்கரையின் சரிவு, வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில் பாலத்தின் ஏற்றம், எது கிடைத்தாலும் சரி. ஆரம்பத்தில் ஒரு நிமிஷ ஏற்றம் நான்கு முறை போதும்.

ஏறும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மூச்சைப் பார்க்க வேண்டும். வேகம் குறைந்தால் குறையட்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் துள்ளி ஏறும் வித்தைகளை விட்டுவிடுவது நல்லது. கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் அதைத் தாங்குவது கஷ்டம்.

இறங்கும்போது அடியைச் சின்னதாக, சுறுசுறுப்பாக வைக்க வேண்டும். காலை நீட்டிக் குதிகாலால் தரையைக் குத்தக் கூடாது. பயந்து பின்னால் சாயவும் கூடாது. தார்ச் சாலையைவிட மண் தரை மேல். செங்குத்தாக இருந்தால் நடந்தே இறங்கலாம். பந்தயத்துக்கு முந்தின வாரம் பெரிய இறக்கம் எதுவும் வேண்டாம். இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மேட்டில் கால் வைக்கக் கூடாது.

ஜான் கெல்லியின் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. நெஞ்சு உடைந்ததாக எழுதப்பட்ட அந்த மனிதர் ஓட்டத்தை விடவில்லை. 1945-ம் ஆண்டு மறுபடி பாஸ்டனில் முதல் பரிசு வாங்கினார். அதே பாதையில் 61 முறை ஓடினார். கடைசியாக 1992-ம் ஆண்டு ஓடி முடித்தபோது அவருக்கு வயது 84! அவருடைய சிலை இன்று அந்த மேட்டின் அருகில் நிற்கிறது. அவர் அங்கே தோற்ற பந்தயத்துக்காக வைத்த சிலை அல்ல அது. அதற்குப் பிறகும் ஓடிய ஐம்பத்தாறு ஆண்டுகளுக்காக வைத்தது.

மலைப் பாதையில் பஸ் ஓட்டும் டிரைவர்களிடம் ஒரு சட்டம் உண்டு. எந்த கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு என்பார்கள். பிரேக்கை நம்பி வேகமாக இறங்கிய வண்டி எந்த வளைவில் போய் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். காலால் மலை ஏறுகிறவர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.